நின்றுவிட்டேன் என்றது ஏழாம் கை

அத்தியாயம் 9

கையெழுத்துப் போட ஒரு பேனா போதும். மைக் அக்காவின் முன்னால் மேனேஜர் மூன்று பேனாக்களை வைத்திருந்தார். ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று. சாயங்கால ஷிஃப்ட் தொடங்குவதற்குள் விஷயம் முடிந்துவிட வேண்டும் என்பதில் அவருக்கு அத்தனை அக்கறை.

காகிதத்தில் இருந்தது ஒரே வாக்கியம். ஏழாம் கை நிற்பதற்கு முன்பே, திரையைச் சரியாகப் பார்க்காமல், உள்ளே போகலாம் என்று மைக்கில் சொன்னது தன் கவனக்குறைவு என்று அவள் ஒப்புக்கொள்ள வேண்டும். காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு சாவிக்கொத்தை வைத்திருந்தார்.

அந்த டைல்ஸ் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்ட்ரோல் ரூமில் அவள் பேசினால் எல்லாக் கூடங்களிலும் கேட்கும், அதனால் மைக் அக்கா. சூளைக்கு டைல்களைத் தூக்கி அடுக்கும் இரும்புக் கைகளைச் சுற்றி உடைசல் சேர்ந்துகொண்டே இருக்கும். அதைக் கூட்டி அள்ள ஓர் ஆள் வேலிக்குள் போக வேண்டும். அவள் திரையில் ‘நிறுத்து’ என்பதைத் தொடுவாள். அந்தக் கையின் கட்டம் பச்சையாகி ‘நின்றது’ என்று காட்டும். பிறகுதான் “ஏழு நின்னாச்சு, போகலாம்” என்று மைக்கில் சொல்வாள்.

போன வாரம் அவள் அப்படிச் சொன்னதை நம்பி உள்ளே போனவன் அவளுடைய சொந்தத் தம்பி. இங்கேயே ஃபிட்டர். குனிந்து உடைசலை அள்ளும்போது ஏழாம் கை இறங்கிவிட்டது. அவனுடைய வலது கை தேறுமா தேறாதா என்று டாக்டர்கள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவள் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளைக் கண்டதும் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வீட்டில் கடைசித் தோசைக்கு அவளோடு மல்லுக்கு நிற்பவன், இப்போது ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.

கட்டம் பச்சையாக இருந்ததைப் பார்த்தேன் என்று முதல் நாள் அடித்துச் சொன்னாள். பார்த்ததாகத்தான் ஞாபகம் என்று அடுத்த நாள் சொன்னாள். அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து, இப்போது அவளுக்கே தன் கண் மேல் நம்பிக்கை போய்விட்டது. அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்றால் தப்பு தன்னுடையதாகத்தானே இருக்க வேண்டும்? நெஞ்சு வெந்துபோய் உட்கார்ந்திருந்தவள், நடுப் பேனாவை எடுத்தாள்.

“அதைக் கொஞ்சம் குடும்மா. என்னோடது எழுத மாட்டேங்குது.”

பேனாவை வாங்கிக்கொண்டவள் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள். தோளில் துணிப்பை, மூக்கில் இறங்கிய கண்ணாடி. அவளுக்குப் பின்னால் வந்த ஒல்லி ஆசாமி மிச்சம் இரண்டு பேனாக்களையும் எடுத்துத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

“எனக்கும் எழுத மாட்டேங்குது. பரம்பரை வியாதி.”

மேனேஜரின் முகம் சுருங்கியது. இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய துப்பறிவாளர் இந்த அம்மாள்தான். முன்பு கணக்கு டீச்சராக இருந்தவர், தொழில் மாறியும் பட்டம் மாறவில்லை. ஊரே டீச்சர் என்றது. கூட வந்த உதவியாளனுக்குச் சோடா என்று பெயர். மூடியைத் திறந்தால் பொங்குவான், மூடத் தெரியாது.

“கையெழுத்து மட்டும்தான் பாக்கி, மேடம்” என்றார் மேனேஜர். “ஷிஃப்ட் தொடங்கினதும் ஏழாம் கையை மறுபடி ஓட விடறேன். சூளை ஒரு வாரமா சும்மா எரியுது.”

“தாராளமா ஓட்டுங்க. அதுவரைக்கும் நான் சுத்திப் பாக்கறேன்.” டீச்சர் மைக் அக்காவின் பக்கம் திரும்பினார். “நான் உன்னைக் காப்பாத்த வரலம்மா. மாட்டிவிடவும் வரல. என்ன நடந்துதுன்னு தெரிஞ்சுக்க வந்தேன். அது யாரைச் சுடும்னு எனக்குத் தெரியாது.”

மைக் அக்கா தலையாட்டினாள். ஆறுதல் சொல்ல வந்த ஆயிரம் பேரைவிட இந்த அம்மாள் தேவலை என்று தோன்றியது.

டீச்சர் திரைக்கு முன்னால் நின்றார். வரிசை வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். எல்லாம் நிறத்தோடு இருக்க, பன்னிரண்டு மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது.

“இது யாரு? உடம்பு சரியில்லையா?”

“அது பேக்கிங் ஷெட்ல இருக்கற கை. நல்லா ஓடுது. திரையில மட்டும் தொடர்பு இல்லைன்னு காட்டும். சின்ன விஷயம்.”

“எங்க மாமா ஆபீஸ்ல இதுக்கு நேர் எதிர்” என்றான் சோடா. “ஆள் இருக்க மாட்டார். திரையில மட்டும் தினமும் வந்திருப்பார்.”

மேனேஜர் சிரிக்கவில்லை. ஆனால் நெட்வொர்க்கைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. முன்பு ஒவ்வொரு மெஷினிலிருந்தும் ஒரு தனி வயர் இந்த அறைக்கு வந்ததாம். சுவர் முழுக்க நூடுல்ஸ். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, எல்லா மெஷின்களும் ஒரே பாதையில் பேசும்படி செய்தது அவர்தானாம்.

“வேலிக் கதவுல ஒரு பூட்டு இருக்கே, சார்?” சோடா கண்ட்ரோல் ரூமின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கையைக் காட்டினான்.

“அந்தக் காலத்து ஏற்பாடு. உள்ள போறவன் சாவியைத் திருப்பிக் கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போவான். சாவி இல்லாம மெஷினுக்குக் கரண்ட் வராது. இப்ப எதுக்கு அது? நெட்வொர்க்கே நிறுத்துது, நெட்வொர்க்கே சொல்லுது. பூட்டைத் தாண்டி ஒரு துண்டு வயரைப் போடச் சொல்லிட்டு, சாவி எல்லாத்தையும் நான் வாங்கி வச்சுட்டேன்.”

காகிதத்தின் மேலிருந்த கொத்தை டீச்சர் ஒரு தடவை பார்த்தார். “பன்னிரண்டு எப்போலேருந்து சாம்பல்?”

“போன மாசம் அதோட கண்ட்ரோல் பெட்டி எரிஞ்சு போச்சு. நெட்வொர்க் போட்ட கம்பெனிக்காரன் வந்து மாத்தறதுக்கு நாளாகும்னான். நான் விடுவேனா? ஸ்டோர்ல இருந்த புதுப் பெட்டியை மாட்டி, நல்லா ஓடற வேற கையோட செட்டிங்கை அப்படியே காப்பி பண்ணி ஏத்துங்கடான்னேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள பேக்கிங் ஓடுச்சு.”

“உங்க யோசனையா சார்?” சோடா வாயைப் பிளந்தான்.

“பின்ன? இவங்களுக்கு எங்க தோணும்? முதலாளியே கூப்பிட்டுப் பாராட்டினார்.”

“இந்தப் பாராட்டை நானும் குறிச்சுக்கறேன்” என்று டீச்சர் மேனேஜருடைய பேனாவாலேயே குறித்துக்கொண்டார். பிறகு சோடாவைப் பார்த்தார். “பேக்கிங் ஷெட்டுக்குப் போ. வாயைக் குடுத்துட்டு வா.”

“வாங்கிக்கட்டிக்கிட்டு வான்னு சொல்லுங்க” என்று முனகிக்கொண்டே போனான்.

அவன் திரும்பி வந்தபோது மைக் அக்கா டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். அன்றைக்கு உள்ளே போவதற்கு முன் தம்பியும் கையைப் பார்த்ததைக் கண்ணாடிச் சுவர் வழியாக அவள் கண்டாளாம். அது அசையாமல்தான் நின்றதாம்.

“டைல் வரலைன்னா அது சும்மா காத்துக்கிட்டு நிக்கும் டீச்சர். காத்துக்கிட்டு நிக்குதா, நிறுத்தினதால நிக்குதான்னு கண்ணால பாத்தா தெரியாது. அதுக்குத்தான் நான் இருக்கேன்.” அவள் தன்னைத் திருத்திக்கொண்டாள். “அதுக்குத்தான் இருந்தேன்.”

“அக்கா, உங்க மேல இன்னொரு புகார் இருக்கு” என்றான் சோடா, மூச்சு வாங்க. “பேக்கிங் ஷெட் சூப்பர்வைசரம்மா சொன்னாங்க. உங்க குரல் பட்டா அவங்க மெஷின் மயக்கம் போட்டுடுதாம். நல்லா ஓடிக்கிட்டே இருக்குமாம், மைக்ல ‘ஏழு நின்னாச்சு’ன்னு நீங்க சொல்லும்போது பாத்தா இதுவும் நின்னிருக்குமாம். எல்லா நாளும் இல்ல, சில நாள். ‘அப்படி என்ன தேன் குரலோ, எங்காளு மயங்கி விழறான்’னு ஷெட் முழுக்க ஒரே சிரிப்பு. உங்களுக்குக் கல்யாணம் பேசி முடிக்கிற அளவுக்குப் போயிட்டாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“சோடா, நான் வகுப்புல நம்பர் சொல்லித்தான் ஆஜர் எடுப்பேன். தலையைத் தூக்க மாட்டேன். ‘ஏழு’ன்னா ‘உள்ளேன் டீச்சர்’னு குரல் வரும். ஒரு வருஷம் பூரா நூத்துக்கு நூறு. பரீட்சை அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, ஏழு பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கே வரல. பன்னிரண்டு குரல் குடுத்திருக்கான்.”

மைக் அக்கா திரைப் பக்கம் திரும்பினாள். சாம்பல் கட்டத்தைப் பார்த்தாள். பச்சைக் கட்டத்தைப் பார்த்தாள்.

“முன்னாடி தனித்தனி வயர்” என்றார் டீச்சர். “யார் பேசறாங்கன்னு வயரைப் பாத்தாலே தெரியும். அப்ப ஒரு பெட்டியை இன்னொண்ணுலேருந்து காப்பி அடிச்சா ஒண்ணும் ஆகாது. இப்ப எல்லாரும் ஒரே ஹால்ல உக்காந்திருக்காங்க. நம்பரை வச்சுத்தான் கூப்பிடணும். செட்டிங்கை அப்படியே காப்பி பண்ணினா நம்பரும் சேந்து வந்துடும். பேக்கிங் ஷெட்ல இருக்கறவன் இப்ப பன்னிரண்டு இல்ல. அவனும் ஏழு. நீ ‘ஏழு, நில்லு’ன்னா ரெண்டு பேர்ல எவன் காதுல முதல்ல விழுதோ அவன் நிப்பான். அவனே ‘நின்னுட்டேன்’னு பதிலும் சொல்வான்.”

“அப்படின்னா அன்னிக்கு…”

“திரை பச்சையா இருந்துது. நீ பாத்தது சரி. நின்னது வேற கை.”

மைக் அக்காவுக்கு அங்கேயே அழுகை வந்தது. ஆனால் மேனேஜருக்கு வந்தது கோபம்.

“கதை நல்லா இருக்கு. நிரூபிங்க பாக்கலாம்.”

நிரூபிக்கப் போனார்கள். ஆள் யாரும் உள்ளே போகாமல் ஏழாம் கையை ஓடவிட்டார்கள். சோடா பேக்கிங் ஷெட்டில் போனும் கையுமாக நின்றான். மைக் அக்கா ‘நிறுத்து’ என்பதைத் தொட்டாள். கட்டம் பச்சையானது. கண்ணாடிக்கு அப்பால் ஏழாம் கை, பாதித் தூக்கில், சொன்ன பேச்சுக் கேட்டு நின்றது.

“இங்க ஓடிக்கிட்டே இருக்கு டீச்சர்” என்றது போனில் சோடாவின் குரல், சுருதி இறங்கி.

மறுபடி செய்தார்கள். மறுபடியும் ஏழாம் கைதான் நின்றது. இன்னொரு தடவை. அப்போதும் அதேதான்.

“போதுமா?” மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். “குழந்தை விளையாட்டுக்கெல்லாம் சூளை காத்துக்கிட்டு இருக்காது.”

ஷிஃப்ட் மணி அடித்தது. ஏழாம் கையை மறுபடி ஓடவிட்டார்கள். சாவிக்கொத்துக்குக் கீழே காகிதம் அப்படியே இருந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தாள் மைக் அக்கா. பிடித்த ஒரே கொம்பும் முறிந்து கையோடு வந்துவிட்டது. அதைவிடக் கொடுமை, வேலிக் கதவருகே புது ஃபிட்டர் துடைப்பமும் முறமுமாக நின்றுகொண்டிருந்தான். தம்பியின் இடத்துக்கு வந்தவன். சோதனை ஓட்டத்தில் விழுந்த உடைசலை அள்ளிவிட்டால்தான் லைன் முழுசாக ஓடும்.

“அவனை அனுப்பாதீங்க சார். உங்க கால்ல விழறேன்.”

“நீ எந்திரி. நானே பாத்துக்கறேன்.” மேனேஜர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். ‘நிறுத்து’ என்பதை அழுத்தினார். கட்டம் பச்சையானது. ஏழாம் கை டைல் எதுவும் வராமல் அசையாமல் நின்றது. அவர் மைக்கை இழுத்துப் பெருமையாகத் தொண்டையைச் செருமினார்.

“ஏழு நின்னாச்சு. போகலாம்.”

புது ஃபிட்டர் கதவைத் திறந்தான்.

டீச்சரின் கையிலிருந்த போன் அலறியது. “டீச்சர்! மயங்கிட்டான்! இங்க மயங்கிட்டான்!”

மைக் அக்கா மேனேஜரின் தோளுக்கு மேலே பாய்ந்து மைக்கைப் பிடுங்கினாள்.

“போகாதே! ஏழு நிக்கல! வெளிய வா, வெளிய வா!”

ஒரு காலை உள்ளே வைத்திருந்தவன் அந்தக் குரலுக்குப் பின்வாங்கினான். முறம் மட்டும் உள்ளே விழுந்தது. டைல்களைக் கொண்டுவரும் உருளைகளில் ஓர் அடுக்கு டைல் வந்து சேர்ந்தது. பச்சைக் கட்டம் ‘நின்றது’ என்று சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே ஏழாம் கை இறங்கி, முறத்தை அப்பளமாக்கிவிட்டு, டைல்களைப் பூப்போலத் தூக்கிக்கொண்டு போனது.

மேனேஜர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். டீச்சரே மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லிக் கத்தினார்.

பேக்கிங் ஷெட்டில் அந்தப் பெட்டியைத் திறந்தபோது எல்லோரும் சுற்றி நின்றார்கள். சூப்பர்வைசரம்மா இப்போது சிரிக்கவில்லை, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் வயர்கள் ஒழுங்காகக் கட்டப்பட்டு, கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தன.

“நல்ல கைவேலை” என்றான் சோடா. “தப்பைக்கூட எவ்வளவு அழகாப் பண்ணியிருக்கான்.”

மைக் அக்கா அந்த டேப்பைப் பார்த்தாள். பார்த்தவள் பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

ஒவ்வொரு டேப்பின் நுனியும் உள்பக்கமாகச் சின்னதாக மடிக்கப்பட்டிருந்தது. அடுத்து வருபவன் நகத்தால் சுரண்டாமல் பிடித்து உரிப்பதற்காக. அவர்கள் வீட்டில் அயர்ன் பாக்ஸ் வயரில் அப்படித்தான் இருக்கும். டார்ச் லைட்டில், உடைந்த குடைக் காம்பில், அவளுடைய செருப்பு வாரில். உலகத்தில் வேறு யாரும் டேப்பை அப்படி ஒட்டி அவள் பார்த்ததில்லை.

அந்த முதுகு இப்போது அவளுக்குப் புரிந்தது. படுத்த படுக்கையில் அவனே கண்டுபிடித்துவிட்டான். தான் காப்பி பண்ணிய எண்தான் தன் மேல் இறங்கியது என்று தெரிந்த பிறகு, அக்காவின் முகத்தை எந்தக் கண்ணால் பார்ப்பான்? பழி முழுக்க அவள் தலையில் விழுந்துகொண்டிருந்தது, அவனோ வாயைத் திறக்கப் பயந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவளுக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

“யாரோட வேலை இது?” மேனேஜருக்கு உயிர் திரும்பிவிட்டது. “எவன் பண்ணினானோ அவன்தான் பொறுப்பு! பேரைச் சொல்லுங்க!”

டீச்சர் மைக் அக்காவின் முகத்தையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“உரிக்கறதுக்கு வசதியாத்தான் இருக்கு. தெரியலைன்னு நீ சொன்னா, தெரியலைன்னே எழுதிக்கறேன்.”

அவள் கை ஒரு நுனி வரைக்கும் போனது. மடிப்பு விரலுக்கு இடையில் கச்சிதமாக உட்கார்ந்தது. இழுத்தால் போதும். ஆனால் தெரியவில்லை என்று எழுதினால், ஏன் நடந்தது என்பதும் தெரியாமலே போய்விடும். நாளைக்கு இன்னொரு பெட்டி எரியும். இன்னொருத்தன் காப்பி பண்ணுவான். இன்னொரு அக்கா மைக்கில் ‘போகலாம்’ என்பாள்.

கையை எடுத்துவிட்டாள்.

“என் தம்பி பண்ணினது” என்றாள் உரக்க.

“கேட்டீங்களா!” மேனேஜர் கையைத் தட்டினார். “அவனே குழி வெட்டி அவனே விழுந்திருக்கான்! எங்க மேல ஒரு தப்பும் இல்ல!”

டீச்சர் குறிப்பேட்டைப் புரட்டவில்லை. சோடாவைப் பார்த்தார். சோடா நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைச் செருமி, மேனேஜரின் குரலிலேயே சொன்னான்.

“‘செட்டிங்கை அப்படியே காப்பி பண்ணி ஏத்துங்கடான்னேன். இவங்களுக்கு எங்க தோணும்?’ யோசனை உங்களோடதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. முதலாளி வேற பாராட்டியிருக்கார். இப்ப திடீர்னு தன்னடக்கமா?”

“இவ தம்பி சொன்னதைச் செஞ்சவன்” என்றார் டீச்சர் சூப்பர்வைசரம்மாவிடம், ஏதோ மார்க் சொல்வதைப் போல. “சொன்னவர் இவர். சாவியைப் பிடுங்கினவரும் இவர். பூட்டைத் தாண்டி வயர் போடச் சொன்னவரும் இவர். நான் இப்படித்தான் எழுதப் போறேன்.”

மேனேஜர் சட்டைப்பையைத் தடவினார். பேனாக்கள் டீச்சரிடமும் சோடாவிடமும் இருந்தன.

மைக் அக்கா அங்கே நிற்கவில்லை. கண்ட்ரோல் ரூமுக்கு ஓடினாள். அந்தக் காகிதத்தை அவள் தொடவில்லை, மேலே இருந்த கொத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஏழாம் கையின் வேலிக்கு வந்தாள். புது ஃபிட்டர் யாரையும் கேட்காமல் பூட்டைத் தாண்டிப் போன துண்டு வயரைக் கழற்றி எறிந்தான். அவள் ஏழாம் சாவியைப் போட்டுத் திருப்பி, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

பிறகு போனில் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டாள். நர்ஸ் அவன் காதில் வைத்திருக்க வேண்டும். மூச்சு மட்டும் கேட்டது.

“பேக்கிங் பெட்டியைத் திறந்து பாத்தோம்டா. டேப்பைப் பாத்தேன்.”

பிறகு ஒரு விசும்பல். “அக்கா… நான் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன் அக்கா. உன்னை மாட்டிவிட்டுட்டு…”

“என் மேல கோபம்னு நினைச்சேன்டா. தினமும் உன் முதுகைப் பாத்துட்டு வந்து வீட்ல தூங்காம கிடந்தேன். முட்டாள். கையை மட்டும் சரி பண்ணிக்கிட்டு வா, உன்னை அப்புறம் வச்சுக்கறேன்.”

அவன் அழுகையை அடக்கிக்கொண்டான். பேசியபோது, ஃபிட்டரின் கேள்வியைத்தான் கேட்டான்.

“மெஷின் நின்னுடுச்சா அக்கா? நல்லாப் பாத்தியா?”

திரை வெகு தூரத்தில் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. விரல்களை மடக்கி உள்ளங்கையை இறுக்கினாள்.

“நின்னுடுச்சுடா. சாவி என் கையில இருக்கு.”